பல கிராபிக்ஸ் கார்டுகளுக்கு ஏற்ற மதர்போர்டு

சங்கரன்கோவில் விசைத்தறிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள தறிக்கொட்டகை ஒன்றை மனத்தில் எண்ணிப் பாருங்கள். அதில் நான்கு தறிகள் இருக்கின்றன. ஆனால் ஊடை நூல் சுற்றிய தார் இரண்டு தறிகளுக்குப் போதுமான அளவே வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு தறிகளுக்கும் விலை கொடுத்தாயிற்று, இடமும் அடைபட்டுவிட்டது. நாள் முடிவில் கையில் கிடைக்கும் துணியோ இரண்டு தறிகளின் துணிதான். குறை தறியில் இல்லை. தறிக்கு நூல் வந்து சேரும் வழியில் இருக்கிறது.

இரண்டு, மூன்று கிராபிக்ஸ் கார்டுகளைப் பொருத்திக் கணிப்பொறி அமைக்க விரும்பும் மாணவர்களும் கல்லூரித் துறைகளும் முதலில் கருத்தில் கொள்ள வேண்டிய உண்மை இதுவே ஆகும். கார்டுகள் தறிகள், அவற்றுக்குச் செல்லும் தகவலே நூல், அந்த நூல் செல்லும் வழியை வகுத்துக் கொடுப்பது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை. கார்டுகளை விலைக்கேற்ப ஒவ்வொன்றாகப் பின்னர் வாங்கிக் கொள்ளலாம். மதர்போர்டை ஒருமுறை தவறாக வாங்கிவிட்டாலோ, பெரும்பாலும் பிராசஸரையும் சேர்த்து மாற்ற நேரிடும். ஆகவே இதனைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஒரு கார்டு ஏன் போதாது?

கிராபிக்ஸ் கார்டு முதலில் திரையில் படம் வரைவதற்காகத் தோன்றியது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஏறக்குறைய ஒரே விதமான கணக்கினால் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு எல்லா வேலையும் தெரிந்த அறிவாளி ஒருவர் தேவையில்லை. கூட்டலும் பெருக்கலும் மட்டும் தெரிந்த பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தால் போதும். 2020இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3090 என்ற கார்டில் இத்தகைய சிறு கணக்கீட்டு அலகுகள் 10,496 உள்ளன.

2007இல் என்விடியா நிறுவனம் கூடா என்ற நிரலாக்க முறையை வெளியிட்டது. அதன் பின்னர் இந்த அலகுகளைப் படம் வரைவதற்கு மட்டுமின்றி அறிவியல் கணக்குகளுக்கும் பயன்படுத்துவது எளிதாயிற்று. மூலக்கூறுகளின் இயக்கம், வானிலை, செயற்கை நுண்ணறிவு ஆகிய பல துறைகளிலும் அடிப்படையில் நிகழ்வது அணிகளைப் பெருக்கும் வேலையே. அவ்வேலையில் கிராபிக்ஸ் கார்டு பிராசஸரை வெகுதூரம் பின்தள்ளிவிடுகிறது.

இரண்டு கார்டுகளின் வலிமையை உலகறியச் செய்த நிகழ்ச்சி 2012இல் நடந்தது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சட்ஸ்கீவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவரும் சுமார் 12 லட்சம் படங்களைக் காட்டி, படத்தில் உள்ள பொருளை அடையாளம் காணக் கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுத்தனர். அவர்கள் பயன்படுத்தியவை ஜிடிஎக்ஸ் 580 என்ற கார்டுகள் இரண்டு. விளையாட்டுப் பிரியர்கள் கடையில் வாங்கும் சாதாரணக் கார்டுகள்தாம் அவை. ஒவ்வொன்றிலும் இருந்த நினைவகம் 3 ஜிகாபைட் மட்டுமே. அவர்களுடைய நரம்பு வலையமைப்பு ஒரு கார்டுக்குள் அடங்கவில்லை. எனவே அதனை இரண்டாகப் பிளந்து இரண்டு கார்டுகளிலும் வைத்தனர். குறிப்பிட்ட சில அடுக்குகளில் மட்டும் கார்டுகள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும்படி அமைத்தனர். பயிற்சி ஐந்து, ஆறு நாட்களில் முடிந்தது. 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற இருவருள் ஹிண்டனும் ஒருவர் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இன்றைய கணக்கும் இதைப் போன்றதே. 700 கோடி எண்களால் ஆன மொழி மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணுக்கு 2 பைட் வீதம் அதற்கு 14 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். 24 ஜிகாபைட் உள்ள ஒரு கார்டில் அது அடங்கிவிடும். 1300 கோடி எண்கள் என்றால் 26 ஜிகாபைட் ஆகிறது. ஒரு கார்டில் அடங்காது. ஆக, இரண்டாவது கார்டை நாடுவதற்குக் காரணங்கள் இரண்டு: நினைவகம் போதாமை ஒன்று, நேரம் போதாமை மற்றொன்று. இவ்விரண்டில் நம்முடைய காரணம் எது என்பதைப் பொறுத்தே மதர்போர்டின் தேவை மாறுகிறது.

தடங்கள்

மதர்போர்டில் கிராபிக்ஸ் கார்டைச் செருகும் ஸ்லாட்டுக்கும் பிராசஸருக்கும் இடையே தகவல் செல்லும் வழிக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். இது 2003இல் நடைமுறைக்கு வந்தது. இவ்வழி பல தடங்களால் ஆனது. கடைக்காரர்கள் இதனை லேன் என்பர். ஒரு தடத்தில் நான்கு மெல்லிய செப்புக் கோடுகள் உள்ளன. போவதற்கு ஒரு ஜோடி, வருவதற்கு ஒரு ஜோடி. முழு அளவு ஸ்லாட்டில் 16 தடங்கள். இதனையே எக்ஸ்16 என்று குறிக்கின்றனர். எக்ஸ்8, எக்ஸ்4, எக்ஸ்1 என்பனவும் இவ்வாறே தடங்களின் எண்ணிக்கையைக் காட்டும்.

தடத்தின் வேகம் தலைமுறைக்குத் தலைமுறை ஏறத்தாழ இரட்டித்து வந்திருக்கிறது. முதல் தலைமுறையில் ஒரு தடம் ஒரு திசையில் விநாடிக்கு 250 மெகாபைட் தகவலைச் சுமந்தது. 2010இல் வகுக்கப்பட்ட மூன்றாம் தலைமுறையில் அது சுமார் 1 ஜிகாபைட். 2017இல் வந்த நான்காம் தலைமுறையில் சுமார் 2. 2019இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் சுமார் 4. ஆகவே நான்காம் தலைமுறை எக்ஸ்16 ஸ்லாட் விநாடிக்குச் சுமார் 31.5 ஜிகாபைட்டைக் கடத்தும்.

இது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு தன் சொந்த நினைவகத்துடன் பேசும் வேகம் விநாடிக்கு 936 ஜிகாபைட். அதாவது ஸ்லாட்டின் வேகத்தைப் போல் ஏறக்குறைய 30 மடங்கு. தகவல் கார்டுக்குள் இருக்கும் வரை நெடுஞ்சாலையில் ஓடுகிறது. வெளியே வரும்போது சந்துக்குள் நுழைகிறது. பல கார்டுகள் உள்ள கணிப்பொறியின் சிக்கல் முழுவதும் இந்தச் சந்தில்தான் அடங்கியிருக்கிறது.

தடங்களை வேண்டிய மட்டும் ஏன் கூட்டக் கூடாது என்று கேட்கலாம். நான்காம் தலைமுறைத் தடத்தில் ஒரு பிட் நீடிக்கும் காலம் 62.5 பிகோவிநாடி, அதாவது ஒரு விநாடியின் லட்சம் கோடியில் 62.5 பங்கு. மதர்போர்டின் செப்புக் கோட்டில் சைகை ஒரு நானோவிநாடிக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் செல்கிறது. எனவே ஒரு பிட்டின் நீளம் 1 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு! ஐந்தாம் தலைமுறையில் அதிலும் பாதி. ஒரு ஜோடிக் கோடுகளில் ஒன்று சில மில்லிமீட்டர் நீண்டுவிட்டாலும் சைகைகள் பொருந்தாமல் போகும். கோடு நீள நீளச் சைகை மெலிந்தும் போகும். ஆகவே தடம் கூடினால் பிராசஸரின் ஊசிகள், பலகையின் அடுக்குகள், விலை யாவும் கூடுகின்றன. கார்டைத் தள்ளி வைப்பதற்காக மலிவான நீட்டிப்புக் கேபிளை வாங்கினால் பிழைகள் நேர்வதற்கும் இதுவே காரணம்.

நீளத்தைக் கண்டு ஏமாற வேண்டாம்

எக்ஸ்16 ஸ்லாட்டின் நீளம் 89 மில்லிமீட்டர். ஒரு மதர்போர்டில் இத்தகைய நீண்ட ஸ்லாட்டுகள் மூன்று இருந்தால், மூன்று கார்டுகளும் முழு வேகத்தில் ஓடும் என்று பலர் எண்ணுகின்றனர். ஸ்லாட்டின் நீளம் வேறு. அதற்குப் பின்னால் உள்ள தடங்களின் எண்ணிக்கை வேறு. நீண்ட ஸ்லாட்டினுள் நான்கு தடங்களுக்கு மட்டும் இணைப்பு இருக்கலாம். விளக்கொளியில் ஸ்லாட்டினுள் உற்று நோக்கினால், பல மதர்போர்டுகளில் உலோகத் தொடுமுனைகள் ஒரு பகுதியோடு நின்றுவிடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

தடங்களின் மொத்த எண்ணிக்கையை நிர்ணயிப்பது பிராசஸர். இண்டெல் நிறுவனத்தின் 12ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராசஸர்கள் (2021) 20 தடங்களைத் தருகின்றன. அவற்றுள் 16 கார்டுக்கு. 4 சேமிப்புக் கருவிக்கு. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசை (2022) பயன்படுத்தத் தக்க 24 தடங்களைத் தருகிறது. இங்கும் கார்டுகளுக்குரியவை 16 மட்டுமே. இரண்டு கார்டுகளைச் செருகினால், நல்ல மதர்போர்டு அந்த 16ஐ எட்டு எட்டாகப் பங்கிட்டுக் கொடுக்கும். விலை குறைந்த மதர்போர்டு அவ்வாறு பங்கிடுவதில்லை. முதல் ஸ்லாட்டுக்கே 16ஐயும் கொடுத்துவிட்டு, இரண்டாவது ஸ்லாட்டைச் சிப்செட் என்னும் துணைச் சில்லு வழியாக இணைக்கிறது. அந்த வழியில் அதற்குக் கிடைப்பவை நான்கு தடங்களோ அதற்கும் குறைவோ ஆகும். அவையும் ஹார்ட் டிஸ்க், வலைத்தொடர்பு, யுஎஸ்பி ஆகியவற்றோடு பங்கிடப்படும் பொதுவழி. ஆடித்தபசு நாளில் ஊருக்குள் வரும் எல்லா வண்டிகளையும் ஒரே தெருவில் விட்டாற் போன்ற நிலை இது.

மூன்று, நான்கு கார்டுகள் உண்மையிலேயே தேவையென்றால் வேறு வகைப் பிராசஸருக்குச் செல்ல வேண்டும். ஏஎம்டியின் திரெட்ரிப்பர் புரோ, எபிக் ஆகியவை 128 தடங்கள் தருகின்றன. இண்டெலின் ஜியான் டபிள்யூ-3400 வரிசை 112 தடங்கள் தருகிறது. இவற்றின் மதர்போர்டுகள் விலை மிகுந்தவை. ஆகவே அந்தச் செலவு தேவைதானா என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

வேலைக்கு ஏற்ற தடம்

2017இல் ஆசுஸ் நிறுவனம் பி250 மைனிங் எக்ஸ்பர்ட் என்ற மதர்போர்டை வெளியிட்டது. அதில் 19 கார்டுகளை இணைக்கலாம்! ஆனால் அவற்றுள் 18 இணைப்புகள் எக்ஸ்1 தான். மின்னணு நாணயம் தோண்டும் வேலைக்காக அது வடிவமைக்கப்பட்டது. அவ்வேலையில் ஒவ்வொரு கார்டும் தனித்தனியே புதிர் விடுவிக்கும், ஒன்றோடொன்று பேசுவதில்லை. எனவே ஒரு தடமே போதுமானதாயிற்று. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் இம்முறையைக் கைவிட்டது. தோண்டுவோருக்காகச் செய்யப்பட்ட மதர்போர்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, அதில் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி நடத்த முயன்றால் என்னவாகும்? ஒரு சிறு கணக்கினால் அதனை அறியலாம்.

100 கோடி எண்கள் கொண்ட மாதிரி ஒன்றை இரண்டு கார்டுகளில் பயிற்றுவிப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் மாதிரியின் முழுப் படியும் இருக்கிறது. பயிற்சிப் பாடங்களை மட்டும் பங்கிட்டுக் கொள்கின்றன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தாம் கற்ற திருத்தங்களை, அதாவது 2 ஜிகாபைட் தகவலை, ஒன்றுக்கொன்று தெரிவிக்க வேண்டும். ஒரு சுற்றுக் கணக்கீட்டுக்கு அரை விநாடி ஆகிறது என்க. ஒரே கார்டு இரண்டு சுற்றுகளைத் தனியாகச் செய்தால் 1 விநாடி. அதே வேலையை இரண்டு கார்டுகள் செய்தால்:

நான்காம் தலைமுறை எக்ஸ்16 ஸ்லாட்டுகளில், பரிமாற்றத்துக்கு 0.06 விநாடி, மொத்தம் 0.56 விநாடி.

நான்காம் தலைமுறை எக்ஸ்8 ஸ்லாட்டுகளில், பரிமாற்றத்துக்கு 0.13 விநாடி, மொத்தம் 0.63 விநாடி.

மூன்றாம் தலைமுறை எக்ஸ்4 ஸ்லாட்டில், பரிமாற்றத்துக்கு 0.5 விநாடி, மொத்தம் 1 விநாடி.

மூன்றாம் தலைமுறை எக்ஸ்1 ஸ்லாட்டில், பரிமாற்றத்துக்கு 2 விநாடி, மொத்தம் 2.5 விநாடி.

மூன்றாவது வரியில் இரண்டாவது கார்டினால் எள்ளளவும் பயனில்லை. நான்காவது வரியிலோ இரண்டு கார்டுகள் ஒரு கார்டை விட மெதுவாக ஓடுகின்றன! கணக்கிட்டுக் கொண்டே பரிமாறும் திறமையான நிரல்கள் இந்த இழப்பை ஓரளவு மறைக்கும். எனினும் விகிதம் இதுவே. எக்ஸ்16க்கும் எக்ஸ்8க்கும் உள்ள வேறுபாடு சிறிது என்பதையும் இதில் கவனிக்க வேண்டும். எட்டு எட்டாகப் பங்கிடும் மதர்போர்டு கிடைத்தால், இரண்டு கார்டுகளுக்காக 128 தடங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பயிற்சி முடிந்த மாதிரியைப் பயன்படுத்த மட்டுமே செய்தால் நிலைமை வேறு. மாதிரியின் முதற்பாதி அடுக்குகள் ஒரு கார்டிலும் பிற்பாதி மற்றொன்றிலும் இருக்கும். எல்லையில் கைமாறுவது ஒரு சொல்துண்டுக்குச் சில கிலோபைட் மட்டுமே. அடுக்கின் அகலம் 4096 எண்கள் என்றால் 8 கிலோபைட். இதற்கு எக்ஸ்4 தாராளம். மாதிரியை முதலில் கார்டில் ஏற்றும்போது மட்டும் சற்றுக் காத்திருக்க நேரும். ஆகவே நினைவகம் போதாமைக்காக இரண்டாவது கார்டு வாங்குவோர், தடங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை; நேரம் போதாமைக்காக வாங்குவோர் கட்டாயம் கவலைப்பட வேண்டும்.

விளையாட்டுக்காக இரண்டு கார்டுகளை இணைக்கும் எஸ்எல்ஐ முறையை என்விடியா 2004இலும், கிராஸ்ஃபயர் முறையை ஏடிஐ 2005இலும் கொண்டுவந்தன. இன்றைய விளையாட்டுகளில் இவற்றுக்கு இடமில்லை. கார்டுகளை மதர்போர்டைத் தாண்டி நேராக இணைக்கும் என்விலிங்க் பாலமும் 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090இல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே கடையில் கிடைக்கும் புதிய கார்டுகளுக்கு மதர்போர்டின் தடங்களே ஒரே வழி.

சென்னையும் புனேயும்

கணக்கிடும் உறுப்பைப் போலவே இணைப்பும் முக்கியம் என்பதை நம் நாட்டுக் கணிப்பொறிகளும் காட்டியிருக்கின்றன. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004இல் கப்ரு என்ற கணிப்பொறித் தொகுப்பை அமைத்தது. 144 கணிப்பொறிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் பிராசஸர்கள். இவை சந்தையில் கிடைப்பவையே. ஆனால் அவற்றைச் சாதாரண வலைக்கேபிளால் மட்டும் பிணைக்காமல், முப்பரிமாண வலையாகப் பின்னிய விரைவு இணைப்பினால் பிணைத்தனர். அணுக்கருவுக்குள் நிகழும் வலுமிகு விசையைக் கணக்கிடும்போது, வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டமும் அண்டைக் கட்டங்களோடு ஓயாமல் பேச வேண்டும். வேலையின் வடிவத்துக்கு ஏற்ப இணைப்பின் வடிவம் அமைந்தது. அவ்வாண்டு உலகின் முதல் 500 கணிப்பொறிகளின் பட்டியலில் கப்ருவும் இடம் பெற்றது.

2020 நவம்பரில் அதே பட்டியலில் 63ஆம் இடம் பெற்றது, சி-டாக் நிறுவனம் புனேயில் அமைத்த பரம் சித்தி-ஏஐ. அதில் 42 பெட்டிகள். பெட்டிக்கு 8 ஆக 336 கிராபிக்ஸ் செயலிகள். ஒவ்வொரு பெட்டியிலும் 128 தடங்கள் தரவல்ல எபிக் பிராசஸர்கள் இரண்டு. அதுவும் போதாதென்று, எட்டுச் செயலிகளையும் தமக்குள் இணைக்க, நான்காம் தலைமுறை எக்ஸ்16 ஸ்லாட்டைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு வேகமுள்ள தனி இணைப்பும் உண்டு.

இடமும் மின்சாரமும் வெப்பமும்

மதர்போர்டில் அடுத்தடுத்த ஸ்லாட் இடங்களுக்கு இடையே உள்ள தூரம் 20.32 மில்லிமீட்டர். இன்றைய பெரிய கார்டுகள் மூன்று இடங்களை அடைத்துக்கொள்கின்றன. எனவே இரண்டு நீண்ட ஸ்லாட்டுகளுக்கிடையே குறைந்தது மூன்று இடத் தூரம் வேண்டும். நான்கு இருந்தால் மேல் கார்டின் விசிறிக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

ஸ்லாட் வழியாக ஒரு கார்டு 75 வாட் வரை மின்சாரம் பெறலாம். நான்கு கார்டுகள் என்றால் 300 வாட். 12 வோல்ட்டில் இது 20 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம். மதர்போர்டுக்கு வரும் 24 முனைக் கேபிளில் 12 வோல்ட் கம்பிகள் இரண்டே உள்ளன. இவ்வளவு மின்னோட்டத்தை அவை தாங்கா. ஆகவேதான் பல கார்டு மதர்போர்டுகளில் கூடுதல் மின் இணைப்பு ஒன்று வைக்கப்படுகிறது. அதனை இணைக்காமல் விடுவது ஆபத்து.

இனி மொத்தக் கணக்கு. 350 வாட் கார்டுகள் இரண்டு 700 வாட், பிராசஸர் 150, மற்றவை 100. ஆக 950 வாட். எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் 90 விழுக்காடு என்றால், சுவரிலிருந்து எடுப்பது சுமார் 1055 வாட். 230 வோல்ட்டில் 4.6 ஆம்பியர். கார்டுகள் கண நேரத்துக்குத் தம் அளவைத் தாண்டி இழுப்பதுண்டு என்பதால் 1200 வாட் எஸ்எம்பிஎஸ் தேவை. மூன்றாவது கார்டைச் சேர்த்தால் மின்னோட்டம் 6 ஆம்பியரைத் தாண்டிவிடும். 16 ஆம்பியர் பிளக் பாயிண்டும் தரமான எர்த்தும் அவசியம். வீடுகளில் உள்ள 600 விஏ யுபிஎஸ் இங்கு உதவாது. ஆறு நாட்கள் இடைவிடாது ஓடினால் 150 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும்.

இந்த மின்சாரம் அத்தனையும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. அறையில் 1 கிலோவாட் ஹீட்டரை இரவும் பகலும் எரிய விட்டதற்குச் சமம் இது. நம் பகுதிக் கோடையில் மூடிய அறையில் இதனை ஓட்டினால் கார்டுகள் சூடேறித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கார்டின் மின் அளவை நிரல் மூலம் 350 வாட்டிலிருந்து 280 வாட்டுக்குக் குறைக்கலாம். வேகம் அதே விகிதத்தில் குறைவதில்லை என்பதால் இது இலாபமே.

வாங்குமுன்

கடைக்குச் செல்லுமுன் நிறுவனத்தின் கையேட்டை எடுத்து, கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, இரண்டு கார்டுகள் செருகியபோது ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் கிடைக்கும் தடங்கள் எத்தனை, எந்தத் தலைமுறை? இரண்டாவது, இரண்டாம் ஸ்லாட் பிராசஸரோடு இணைந்ததா, சிப்செட்டோடு இணைந்ததா? மூன்றாவது, சேமிப்புக் கருவியைப் பொருத்தினால் ஏதேனும் ஸ்லாட் செயலற்றுப் போகுமா? பல மதர்போர்டுகளில் இவ்வாறு நேர்வதுண்டு. நான்காவது, ஸ்லாட்டுகளின் இடைவெளி போதுமா? ஐந்தாவது, பயாஸ் அமைப்பில் அபவ் 4ஜி டிகோடிங் என்ற வசதி உள்ளதா? இது இன்றேல் பல கார்டுகளின் நினைவகத்தை மதர்போர்டு அடையாளம் காணாமல் போகலாம்.

இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு: இரண்டாவது கார்டு உண்மையில் தேவையா? 1967இல் ஜீன் அம்டால் எடுத்துக்காட்டியபடி, வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க இயலாது என்றால், இரண்டு கார்டுகள் 1.8 மடங்கும் நான்கு கார்டுகள் 3.1 மடங்கும் மட்டுமே வேகம் தரும். எத்தனை கார்டுகள் சேர்த்தாலும் 10 மடங்கைத் தாண்ட இயலாது. 12 ஜிகாபைட் கார்டுகள் இரண்டை விட, 24 ஜிகாபைட் கார்டு ஒன்று பல வேலைகளுக்கு மேலானது. அதற்கு எளிய மதர்போர்டே போதும்.

தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குதல், பழைய அச்சு நூல்களைக் கணிப்பொறி படிக்கச் செய்தல் போன்ற பணிகளைச் செய்யப் பெருநகரத்து ஆய்வுக்கூடங்களுக்குத்தான் முடியும் என்பதில்லை. 2012இல் டொராண்டோவில் இருந்தவையும் இரண்டு கடைக் கார்டுகளே. நம் ஊர்க் கல்லூரி ஒன்றுக்கு உபகரணம் வாங்கும் தொகை பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கிடைக்கிறது. அத்தொகையைச் செலவிடுமுன் ஒரு தாளில் தடங்களையும் வாட்டுகளையும் எழுதிக் கூட்டிப் பார்க்க அரைமணி நேரம் போதும். மாணவர்களையே அக்கணக்கைப் போடச் செய்தால், கணிப்பொறி வந்து சேருமுன்பே அவர்கள் அதைப் பற்றிப் பாதி கற்றிருப்பார்கள்.